இருபதடி ரகசியம்

காவிரிக்கரை முட்டைப் பண்ணையாளர் கூட்டுறவு இணையத்தில் ஒரு வேலைக்கு ஒரே ஆள் போதும் என்று தெரிந்தால் உடனே குழு அமைத்துவிடுவார்கள். பத்துப் பேர் வேண்டிய வேலை என்றால் அக்சிலியாவிடம் கொடுத்துவிடுவார்கள். நாமக்கல் தலைமை அலுவலகத்து மாடியில், தீவன மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு மேசையைப் போட்டு, மேலே 'கணினிப் பிரிவு' என்று பலகை மாட்டியிருந்தார்கள். பிரிவு என்பது அவள் ஒருத்திதான். சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள்.

இணையத்து உறுப்பினர்களின் கோழிக் கொட்டகை, அதாவது செட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைப் பெட்டி உண்டு. வெயில் ஏறினால் ஃபேனையும் தண்ணீர் தெளிப்பானையும் அதுவே ஓட்டும். பொழுது சாய்ந்தால் விளக்கைப் போடும். அதற்குள் ஓடுகிற மென்பொருள் அக்சிலியா எழுதியது. எழுதியது கார்த்திகையில், சோதித்துப் பார்த்தது மார்கழியில். அதனால் நாற்பது டிகிரி என்று ஒன்று உலகத்தில் இருப்பதே பெட்டிக்குத் தெரியாமல் போயிற்று. முப்பத்தொன்பது வரை சமர்த்தாக இருக்கும். நாற்பதைத் தொட்டதும், இவ்வளவு வெயில் அடிக்க வழியில்லை, வெப்பமானிதான் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று தானே முடிவுகட்டி, எல்லாவற்றையும் நிறுத்திவிடும்.

மாசி மாதம் இதைக் கண்டுபிடித்தாள். ஒரே ஒரு வரிதான் பிசகு. தேநீர் ஆறுவதற்குள் திருத்திவிட்டாள். ஆனால் அனுப்ப முடியவில்லை. காரணம், அவளே போன மாதம் எழுதிக் கொடுத்த ஒரு யோசனை.

தை மாதம் 'மின்சாரம் மிச்சம்' என்ற பெயரில் வாட்ஸாப்பில் ஒரு கோப்பு சுற்றியது. இணையம் அனுப்பியதுதான் என்று நம்பிப் பலர் பெட்டிக்குள் ஏற்றிவிட்டார்கள். மின்சாரம் உண்மையிலேயே மிச்சமாயிற்று. விளக்கு எரியவே இல்லை. வெளிச்சம் குறைந்ததும் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திக்கொண்டு சும்மா தீவனம் தின்றன. அப்போதுதான் அக்சிலியா, இனி இணையம் அனுப்பும் மென்பொருளுக்கு மின்கையொப்பம் வேண்டும் என்று எழுதினாள். இரண்டு சாவி இருக்கும். ரகசியச் சாவியால் இணையம் கையொப்பம் போடும். பொதுச்சாவி எல்லா உறுப்பினர் கைபேசியிலும் இருக்கும். கையொப்பம் உண்மையென்றால் பச்சை டிக் விழும். விழாவிட்டால் எதையும் ஏற்றக்கூடாது. யோசனையைப் பாராட்டி, எந்தக் கருவியைக் கொண்டு கையொப்பம் போடுவது என்று முடிவாகும் வரை எந்த மென்பொருளும் வெளியே போகக்கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். பிறகு குழு அமைத்தார்கள்.

திருத்தம் எப்போது வரும் என்று கேட்டு மோகனூர் பூபதி தினமும் போன் செய்வார். ஒரே செட்டு வைத்திருக்கும் சின்னப் பண்ணைக்காரர். யாரும் பெட்டி வேண்டாம் என்றிருந்த காலத்தில், அக்சிலியா சொன்ன ஒரு சொல்லுக்காக முதல் பெட்டியை மாட்டிக்கொண்டவர்.

"ஏனுங்க அம்மணி, முப்பத்தேழு காட்டுதுங்க."

"கூட்டம் வச்சிருக்காங்க அண்ணா. இந்த வாரம் முடிஞ்சிடும்."

"பெட்டியக் கழட்டிப்போட்டுட்டு ஃபேன நேரா ஓட்டிக்கட்டுங்களா?"

"பெட்டி மேல இருக்கிற சீல் உடைஞ்சா இன்சூரன்ஸ் கிடைக்காதுண்ணா."

சீல் விதியை எழுதியவர் இணையத்தின் செயலாளர் குமரகுரு. கருவூலத்தில் கணக்கு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். குழுவின் முதல் கூட்டத்தில் அவர்தான் முதலில் பேசினார். மேசை மேல் ஆட்டையாம்பட்டி முறுக்கு ஒரு தட்டில் இருந்தது.

"நீங்க சொல்ற கருவி என்ன விலைம்மா?"

"இலவசம் சார்."

குமரகுரு பேனாவைக் கீழே வைத்தார். "விலையில்லாத பொருளுக்கு நான் எப்படிம்மா டெண்டர் விடறது? மூணு விலைப்புள்ளி வேணும். பூச்சியம், பூச்சியம், பூச்சியம்னு மூணு வந்தா, குறைஞ்ச விலை கொடுத்தவர் யாருன்னு நான் என்னத்தை எழுதுவேன்? நாளைக்கு தணிக்கைக்காரன் வந்து, பூச்சியத்தைவிடக் குறைச்சு ஏன் கேட்கலைன்னா யார் பதில் சொல்றது?"

இது நியாயமான கவலை என்று குழு ஒத்துக்கொண்டது. இலவசக் கருவிக்கு மூன்று விலைப்புள்ளி வாங்கி வரும்படி அக்சிலியாவுக்கு உத்தரவாயிற்று. இரண்டு வாரம் அலைந்தாள். சேலத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரர் மட்டும் இரக்கப்பட்டு, 'மேற்படி பொருள் எங்களிடம் இல்லை, இருந்தாலும் சும்மா கொடுப்போம்' என்று லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்தார்.

இரண்டாவது கூட்டத்துக்குத் தொழில்நுட்ப வல்லுநர் வந்தார். தனியார் பொறியியல் கல்லூரி முதல்வர், முனைவர் அன்பழகன். கருவி என்னென்ன செய்யும் என்று கேட்டார்.

"கையொப்பம் போடும் சார். கையொப்பத்தைச் சரிபார்க்கும்."

"வேற?"

"வேற ஒண்ணும் செய்யாது. அதுதான் அதுல நல்லது. தப்பாப் பயன்படுத்த வழியே இல்லை."

அன்பழகன் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "ஒண்ணுமே செய்யாத கருவியை நான் எப்படிப் பரிந்துரைக்கிறது? நான் சொல்ற கருவி முப்பது வருஷமா இருக்கு. நூத்திப்பத்து வசதி இருக்கு."

"நமக்கு எத்தனை சார் வேணும்?"

"ரெண்டு."

"மிச்சம்?"

"மிச்சம் இருக்குங்கறதுதாம்மா வசதி. அப்புறம் இன்னொண்ணு. இன்னும் இருபது வருஷத்துல குவாண்டம் கம்ப்யூட்டர்னு ஒண்ணு வரப்போகுது. அது வந்தா இந்தக் கையொப்பத்தையெல்லாம் நொடியில உடைச்சுப்போடும். அதுக்கு நாம இப்பவே தயாரா இருக்க வேண்டாமா?"

"சார், நாப்பது டிகிரி அடுத்த மாசமே வருது."

வானிலை இந்தக் குழுவின் வரம்புக்குள் வராது என்று குமரகுரு குறித்துக்கொண்டார். அக்சிலியா முறுக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அன்பழகனின் கருவியில் ஒரு விசேஷம் உண்டு. ஒருவருடைய சாவி அவருடையதுதான் என்று இன்னொருவர் சான்று கொடுக்க வேண்டும். மூன்றாவது கூட்டம் முழுக்க இதற்கே போயிற்று. தலைவர் சென்னியப்பனுக்குச் சான்று கொடுப்பதற்கு முன்னால் அவருடைய ரேஷன் கார்டு நகலும் கெஜட்டட் அதிகாரியின் ஒப்பமும் வேண்டும் என்றார் குமரகுரு. இருவரும் பதினெட்டு வருஷமாக ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்கள். "என்னயத் தெரியாதுங்கறாரா செயலாளரு?" என்று சென்னியப்பன் கேட்டார். தனிப்பட்ட முறையில் தெரியும், அலுவலக முறையில் ஆதாரம் இல்லை என்றார் குமரகுரு. அப்படியானால் போன தேர்தலில் செயலாளர் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று தெரியாமல் தானும் சான்று தரமாட்டேன் என்றார் தலைவர். ஒருவரையொருவர் நம்புவதற்கான அந்தக் கூட்டம், இரண்டு பேரும் பேச்சுவார்த்தை இல்லாமல் கலைந்தது.

"முப்பத்தெட்டுங்க அம்மணி. ரஞ்சிதா சாக்க நனைச்சு நனைச்சுக் கட்டி உட்டுட்டு இருக்கறா. கெணத்துல தண்ணி அடியில கெடக்குதுங்க" என்றார் பூபதி. ரஞ்சிதா அவர் மனைவி.

நான்காவது கூட்டத்தில் சரிபார்ப்பைப் பற்றிப் பேச்சு வந்தது. கையொப்பம் போடுவதற்கு நாள் நட்சத்திரம் வரைக்கும் யோசித்த குழு, அதை யாரோ சரிபார்ப்பார்கள் என்பதை அன்றுதான் கவனித்தது.

"அம்மணி, நெசமாத்தான் சொல்றீங்களா? நாம் போட்ட கையெழுத்த, மோகனூர்ல எவனோ ஒருத்தன் போன்ல வச்சு, செரியா தப்பான்னு பாப்பானா?" சென்னியப்பனின் முகம் இறுகிவிட்டது. "எத்தன தீர்மானத்துல போட்டிருக்கறன். ஒருத்தன் படிச்சுப் பாத்திருப்பானா? அதுதாங்க மரியாத."

"ஒப்பம் இருக்கிறதா என்று பார்க்கலாம். சரியான ஒப்பமா என்று பார்ப்பது ஒப்பமிட்டவரை அவமதிப்பது" என்றார் குமரகுரு. தலைவரும் செயலாளரும் அன்றைக்கு அந்த ஒரு விஷயத்தில் ராசியானார்கள்.

அக்சிலியா நிதானமாக எடுத்துச் சொன்னாள். சரிபார்த்தால் பச்சை டிக் விழும். டிக்குக்குக் கீழே கையொப்பமிட்டவர் பெயர் வரும்.

"என்ற பேரா?"

"ஆமாங்க. தலைவர் சென்னியப்பன்னு வரும்."

"எத்தன பேரு போன்ல?"

"எல்லா உறுப்பினர் போன்லயும்ங்க. ஒவ்வொரு தடவையும்."

சென்னியப்பன் அலுவலகப் பையனைக் கூப்பிட்டு டீ சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை தன் அறுபத்தோராவது பிறந்தநாள் என்றும், அன்றைக்கே மின்கையொப்பத்தை விவசாயப் பெருமக்களுக்கு அர்ப்பணிப்பது என்றும் அறிவித்தார். சாயங்காலமே அழைப்பிதழ் அச்சுக்குப் போய்விட்டது. அழைப்பிதழ் அச்சான பிறகுதான் கருவி இன்னும் தேர்வாகவில்லை என்று யாருக்கோ ஞாபகம் வந்தது. நூற்றுப்பத்து வசதிக் கருவியைக் கற்றுக்கொள்ளவே மூன்று மாதம் ஆகும் என்றார் அன்பழகன். வெள்ளிக்கிழமைக்குள் ஓடக்கூடியது அக்சிலியாவின் கருவி ஒன்றுதான். ஏகமனதாகத் தேர்வாயிற்று. மூன்று விலைப்புள்ளி விஷயம் 'அவசரம் கருதி' என்ற இரண்டு சொல்லில் தீர்ந்தது. அந்த இரண்டு சொல் மாசியிலேயே எங்கே போயிருந்தது என்று அவளுக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

புதன்கிழமை நல்ல நேரத்தில் சாவி உருவாக்கினார்கள். மடிக்கணினிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பக்கத்தில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். தலைவர் பொத்தானை அழுத்தினார். சாவிக்கு ஒரு கடவுச்சொல் கேட்டது. மறக்காமல் இருக்கத் தன் பிறந்த தேதியையே போட்டுக்கொண்டார். வேண்டாம் என்று அக்சிலியா சொன்னதை மேளச் சத்தத்தில் யாரும் கேட்கவில்லை. சாவி இருந்த பென் டிரைவை அரக்கு முத்திரை வைத்துப் பெட்டகத்தில் பூட்டினார்கள். பெட்டகத்துக்கு இரண்டு பூட்டு, ஒன்றின் திறவுகோல் தலைவரிடம், மற்றொன்று செயலாளரிடம். தன் கணினியில் பிரதி எதுவும் வைத்துக்கொள்ளாமல் அக்சிலியா சுத்தமாக அழித்தாள். அதுதான் முறை. ஆனால் அதற்கு முன்பே குமரகுரு இரண்டு சாவியையும் காகிதத்தில் அச்செடுத்து, கோப்புக்கு ஒன்று, தலைவர் பார்வைக்கு ஒன்று என்று அனுப்பியிருந்தார். நகல் இல்லாத ஆவணம் ஆவணமே அல்ல என்பது அவருடைய கொள்கை.

வெள்ளிக்கிழமை விழாவிலேயே திருத்தத்துக்குக் கையொப்பம் போட்டுவிடலாம் என்று அக்சிலியா நிம்மதியாகப் பஸ் ஏறினாள். நாமக்கல் பஸ் நிலையத்துக்கு எதிரே இறங்கியதும் அந்த நிம்மதி போய்விட்டது.

இருபதடிக்கு ஒரு ஃபிளெக்ஸ். சென்னியப்பன் வெள்ளை வேட்டியில் கைகூப்பி நின்றார். ஒரு தோளில் சேவல், மறு தோளில் கம்ப்யூட்டர். மேலே பிறந்த தேதி, வருஷத்தோடு. கீழே, 'இணையம் காக்கும் எங்கள் தலைவரின் ரகசியச் சாவி' என்ற தலைப்பில், அந்தச் சாவி. முழுசாக. ஒரு எழுத்து விடாமல், தெளிவான கறுப்பில், ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து படிக்கிற அளவில்.

ஓட்டமும் நடையுமாக அலுவலகம் போய்த் தலைவர் முன்னால் நின்றாள்.

"பொதுச்சாவியைத்தானே ஊருக்கெல்லாம் போடலாம்னு சொன்னேன்" என்றாள்.

"பாத்தனுங்க அம்மணி. அது இத்துனூண்டு. ஒத்த வரி. அத வச்சு இருபதடி போர்டு போட்டா ஊருல என்னன்னு பேசுவாங்க? இதுதானுங்க நாலஞ்சு வரி, எடுப்பா இருக்குது. அதுவுமில்லாம, சாதாரண சாவியப் போட்டுட்டு முக்கியமான சாவிய உட்டா நல்லாவா இருக்கும்?"

"இனி யார் வேணும்னாலும் உங்க பேர்ல கையொப்பம் போடலாம்ங்க."

குமரகுரு குறுக்கிட்டார். பெட்டகத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். முத்திரை கலையவில்லை, இரண்டு பூட்டும் பூட்டியபடியே இருக்கின்றன, ஆகவே ரகசியம் உள்ளேதான் இருக்கிறது, வெளியே இருப்பது வெறும் படம் என்றார்.

புதுச் சாவி செய்ய வேண்டும், ஃபிளெக்ஸை இறக்க வேண்டும் என்று அக்சிலியா எழுதிக் கொடுத்தாள். அதுதான் அவள் செய்த தப்பு. தலைவர் சிரித்துக்கொண்டிருக்கிற படத்தை எவனும் தொட முடியாது, தொட்டால் எதிர்க்கோஷ்டியின் வேலை என்று ஆகிவிடும் என்றார்கள். புதுச் சாவிக்குப் புதுக் குழு அமைத்தார்கள். அது முடிவு சொல்லும் வரை பழைய சாவியால் கையொப்பம் போடக்கூடாது என்று குமரகுரு தடை போட்டார். "சாவியின் நம்பகத்தன்மை பற்றித் தாங்களே எழுத்துமூலம் ஐயம் எழுப்பியிருக்கிறீர்கள்" என்று அவளிடமே சொன்னார். தன் கையிலிருந்த அச்சு நகல்களையும் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினார். விழாவில் பொதுச்சாவியும் சரிபார்க்கும் செயலியும் மட்டும் உறுப்பினர்களின் கைபேசிக்குப் போயின. மறுநாள் சென்னியப்பன், வெயில் காலத்தில் கோழிகளைக் காப்பது எப்படி என்று ஆய்வு செய்ய டென்மார்க் போனார். அவருடைய திறவுகோலும் அரைஞாணோடு டென்மார்க் போயிற்று.

சித்திரை பிறந்தது.

"அம்மணி, நேத்து மத்தியானம் நாப்பது தொட்டுருச்சுங்க." பூபதியின் குரலில் கோபம்கூட இல்லை. "ஃபேன் நின்னு போச்சுங்க. ரஞ்சிதாளும் நானும் பைப்பப் புடிச்சு அடிச்சம். மேக்கால வரிசையில இருந்ததெல்லாம் கொத்தா உழுந்துருச்சுங்க. இன்னைக்கும் இப்படியே அடிச்சா செட்டுல ஒண்ணு மிஞ்சாதுங்க. உங்களையச் சொல்லலீங்க. என்ன பண்றதுன்னு கேக்கறனுங்க."

போனை வைத்துவிட்டு அக்சிலியா 'கணினிப் பிரிவு' என்ற பலகையைப் பார்த்தாள். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மடிக்கணினியை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு எதிரே போனாள்.

ஃபிளெக்ஸுக்கு நேர் கீழே ஒரு பேக்கரி. வெளி மேசையில் உட்கார்ந்து, தேங்காய் பன் ஒன்று சொல்லிவிட்டு, அண்ணாந்து பார்த்துப் பார்த்துச் சாவியைத் தட்டினாள். வெயில் உச்சந்தலையில் இறங்கியது. முதல் தடவை தப்பு. ஒரு எழுத்தைத் தலைவரின் கட்டைவிரல் லேசாக மறைத்திருந்தது. இரண்டாம் தடவை எழுந்து ரோட்டைத் தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து திருத்தினாள். கடவுச்சொல் கேட்டது. அதுவும் மேலேயே இருந்தது. திருத்தத்துக்குக் கையொப்பம் போட்டு அனுப்பினாள். பாதுகாப்பு என்று அவள் படித்தது, எழுதியது, மன்றாடியது எல்லாவற்றையும் மீறித்தான் அதைச் செய்தாள்.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. பின்னால் ஃபேன் இரைகிற சத்தம் கேட்டது.

"பச்ச டிக்கு உழுந்துச்சுங்க அம்மணி. தலைவரு பேருதானுங்க போட்டிருந்துச்சு. எங்கயோ சீமைல இருந்தாலும் மனுசன் நம்மள நெனச்சிருக்கறாரு பாருங்க."

தலைவர் திரும்பியதும் விசாரணைக் கூட்டம் நடந்தது. அனுமதியில்லாமல் ஒரு மென்பொருள் வெளியே போயிருக்கிறது. குமரகுரு அறிக்கை வாசித்தார். "பெட்டகம் திறக்கப்படவில்லை. முத்திரை கலையவில்லை. ஆகவே ரகசியச் சாவி வெளியே வரவில்லை. கையொப்பமோ செல்லும் என்று செயலி சொல்கிறது. ஆகவே அதைத் தலைவரைத் தவிர வேறு யாரும் இட்டிருக்க முடியாது."

எல்லாரும் சென்னியப்பனைப் பார்த்தார்கள். மோகனூரிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்த நன்றிச் செய்திகள் அவருடைய போனில் ஏற்கனவே நிறைந்திருந்தன.

"ஆமாங்க. அங்கிருந்தே போட்டனுங்க. அங்க குளுரு. கையுறையக் கழட்டிப்போட்டுட்டுத்தான் போட்டன்" என்றார்.

அன்பழகன் எழுந்து, இது தொலைதூரக் கையொப்பம், தமது கல்லூரியில் இதைப் பற்றிக் கருத்தரங்கு நடத்தலாம் என்றார்.

அக்சிலியா எழுந்தாள். "நான்தான் போட்டேன். அந்த ஃபிளெக்ஸைப் பார்த்துப் போட்டேன்."

குமரகுரு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மிகவும் கனிவாகக் கேட்டார். "அப்படியென்றால் அது போலிக் கையொப்பம். அந்த மென்பொருள் செல்லாது. எல்லாச் செட்டுகளிலிருந்தும் உடனே எடுத்துவிடச் சொல்லி இன்றே சுற்றறிக்கை அனுப்பிவிடலாமா அம்மா?"

வெளியே நாற்பத்திரண்டு டிகிரி. அக்சிலியா உட்கார்ந்துவிட்டாள். சாவி பழுதில்லாமல் வேலை செய்வது நிரூபணமானதால் புதுச் சாவி தேவையில்லை என்று தீர்மானம் நிறைவேறிற்று. இன்னொரு ஃபிளெக்ஸுக்கும் ஒப்புதல் ஆயிற்று. 'கடல் கடந்தும் கையொப்பமிட்ட எங்கள் காவலர்.' முந்தையதில் கட்டைவிரல் மறைத்த எழுத்தை இதில் விலக்கிப் போடும்படி தலைவரே குறிப்பாகச் சொன்னார். நாற்பதடி.

வைகாசியில் ஒருநாள் சாயங்காலம், ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் இருந்தபோது பூபதி போன் செய்தார். குரல் தெளிவாக இருந்தது. மிச்சக் கோழிகள் நன்றாக முட்டை வைக்கின்றன, ரஞ்சிதா உங்களை ஒருநாள் ஊட்டுக்குச் சோத்துக்கு வரச் சொன்னாள் என்றார்.

"வர்றேண்ணா. அக்காவைக் கேட்டேன்னு சொல்லுங்க."

"செரிங்க. அப்பறமுங்க, நேத்து நீங்க அனுப்புனதயும் இன்னைக்குப் போட்டுட்டனுங்க."

அவள் நேற்று எதுவும் அனுப்பவில்லை. "எதுண்ணா?"

"அதானுங்க, 'மின்சாரம் மிச்சம் ரெண்டு'ன்னு வாட்ஸாப்புல வந்துச்சுல்லீங்க. போன தடவ மாரி ஏமாறக் கூடாதுன்னு, நீங்க சொல்லிக் குடுத்தாப்பலயே சரிபாத்துட்டுத்தானுங்க போட்டன். பச்ச டிக்கு உழுந்துச்சு. தலைவரு கையெழுத்துத்தானுங்க. எங்க ஊருல அல்லாரும் போட்டுட்டாங்க."

பஸ் நிலையத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஜன்னல் முழுக்கச் சென்னியப்பன் கைகூப்பிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க அம்மணி, லைன்ல இருக்கறீங்களா? வேற ஒண்ணுமில்லீங்க. இருட்டு கட்டிருச்சு, செட்டுல வெளக்கு மட்டும் இன்னும் எரியக் காணமுங்க. அது கொஞ்ச நேரங் கழிச்சு வருமுங்களா?"